காம்பு மட்டும்

பச்சை பெயிண்ட் டப்பாவோடு வந்து நின்றார் அமலோற்பவம்.
"பேரு பக்கத்துல ஒரு இலை போடட்டுமா?
இப்ப எல்லா கம்பெனியும் போடறாங்க."

திலகவதி பிளாக்ஸ், காடாம்புலியூர்.
ஆறடிக்கு மூன்றடித் தகரம்.
இலைக்கு இடம் இருந்தது.

சூளையை அணைத்து நாலு வருஷம்.
செம்மண் வெட்டிய பள்ளத்தில்
மழைத் தண்ணீரும், யாரோ விட்ட ஜிலேபிக் கெண்டையும்.
இப்போது நெய்வேலிச் சாம்பல், கிரஷர் தூள்,
கொஞ்சம் சிமெண்ட்.
நெருப்பில்லாமல் பிறக்கும் கல் என்று
நோட்டீஸ்கூட அடித்திருக்கிறேன்.
போடுங்க என்று சொல்லத்தான் வாய் திறந்தேன்.

பக்கத்துக் கொல்லைக்காரர் பாவாடை
ஒரு முந்திரிக் கிளையை ஒடித்துவந்து
பில் புத்தகத்தின் மேல் வைத்தார்.
ஒன்றும் பேசவில்லை.
தை மாதப் பூ.
தொட்டுப் பார்த்தேன்,
விரல் சாம்பலாய் வந்தது.

"இலை அப்புறம் பாத்துக்கலாம்" என்றேன்.

தார்ப்பாய்க்குப் பதினெட்டாயிரம்.
குவியலைச் சுற்றி மூன்று பக்கமும் சுவர்,
மூலை உடைந்து திரும்பி வந்த கல்லிலேயே எழுப்பினோம்.
யாரும் வாங்காத கல்லுக்கு
முதன்முதலாய் ஒரு வேலை.

மாசி மகத்துக்கு முந்தின வாரம் மறுபடி வந்தார்.
அன்று மோட்டார் காற்றை இறைத்துக்கொண்டிருந்தது.
நூற்றெண்பதில் கிடைத்த தண்ணீர்
முந்நூற்று இருபதிலும் இல்லை.
ஹோஸோடு நின்ற மலர்க்கொடியைக் கேட்டேன்:
கல்லு இவ்வளவுமா குடிக்குது?

"கல்லு எங்க குடிக்குது, தரைதான் குடிக்குது.
வந்த முதல் மாசமே சொன்னேனே."

சொல்லியிருக்கிறாள்.
சம்பளக் கவரை எண்ணிக்கொண்டு
ம் கொட்டியிருப்பேன்.

அடுக்குகளுக்கு ஈரச் சாக்கு போர்த்தினோம்.
தரையைச் சரித்து, ஓரத்தில் வாய்க்கால், கோடியில் தொட்டி.
வழிந்த தண்ணீரில் பாதி திரும்பிவந்து
மறுநாள் கலவைக்குள் போனது.
மீதிப் பாதி எங்கே போகிறதென்று
இன்னும் தெரியவில்லை.

சிமெண்டையும் குறைத்துப் பார்த்தேன், ஆசை யாரை விட்டது.
அந்த ஈட்டில் ஆயிரத்து இருநூறு கல்.
கொத்தனார் ஒன்றை எடுத்தார்,
இரு கைக்கும் ஆளுக்குப் பாதியாய் வந்தது.
"பிஸ்கட்டு போடுறீங்களாம்மா?"
நிற்காத சுவரை இன்னொரு முறை கட்டவேண்டும்.
அதற்கு இன்னொரு லோடு, இன்னொரு லாரி, இன்னொரு டீசல்.
பழைய கணக்குக்கே திரும்பினேன்.

அன்று ராத்திரி மூட்டையின் மேல் எழுத்தைப் படித்தபோதுதான் உறைத்தது.
என் சூளை அணைந்தது நிஜம்.
எனக்காக அரியலூரில் ஒன்று எரிகிறது.
சாம்பலும் சும்மாவா வருகிறது,
நெய்வேலியில் எரிந்ததன் மிச்சம்.
மீந்த நோட்டீஸை எல்லாம்
கல் அடுக்கில் இடையிடையே செருகிவிட்டேன்.

புதுச்சேரியிலிருந்து ஒரு இன்ஜினியர் போனில்:
"பச்சைக் கட்டடம் மேடம். கழிவுப் பொருள் எத்தனை சதவீதம்?
எழுபதுன்னு போட்டுக் கையெழுத்து வைங்க, போதும்."
கலவை நோட்டைப் புரட்டினேன். ஐம்பத்தைந்து.
ஐம்பத்தைந்து என்றே எழுதினேன்.
ஆர்டர் வில்லியனூர்ப் பக்கம் யாருக்கோ போனது.
அவர் கை நடுங்காமல் எழுதியிருப்பார்.
என் கை நடுங்கியது,
அந்த மாதத் தவணையை நினைத்து.

சித்திரையில் அமலோற்பவம் டப்பாவைத் திறந்தால்
பெயிண்ட் மேல் தோல் படிந்திருந்தது.
"இலை வேணாம்னா விடுங்க,
இதுக்காவது காசு குடுங்க."

கொடுத்தேன்.
கொடுத்துவிட்டு, "காம்பு மட்டும் போடுங்க" என்றேன்.

"வெறும் காம்பா?"

"வெறும் காம்பு."

தோலைக் குச்சியால் விலக்கி
ஒரு விரல் நீளத்துக்கு இழுத்தார், லேசாய் வளைத்து.
பெரிய பெயருக்குப் பக்கத்தில்
எதற்கோ காத்திருப்பதுபோல் இருந்தது.

சாயங்காலம் வேலியோரம் நின்று
பாவாடை வெகுநேரம் பார்த்தார்.
"என்னம்மா அது, புழுவா?"

அடுத்த தை வரட்டும் என்றேன்.
உங்க கொல்லை பூக்கட்டும், அப்புறம் சொல்றேன்.