தொடர் எண்

காலையில் ஒரு கட்சி. கவரில் நான்கு தாள்.
ராத்திரி, கரண்ட் போனதும்,
எதிர்க்கட்சி. அதே நான்கு.

எண்ணூர் நெட்டுக்குப்பத்தில் எட்டியப்பன்தான்
எதையும் எண்ணிப் பார்க்கிற ஆள்.
செல்போன் வெளிச்சத்தில் படித்தான்:
முதல் கவர் நானூற்றுப் பதினேழில் நின்றது.
இரண்டாவது, பதினெட்டில் தொடங்கியது.

"ஒரே கட்டு, தேசம்மா."
"கறி எடுக்கவா?" என்றாள் அவள்.

மறுநாள் மேடையில்
டெல்லிக்குப் போகிறவர் கும்பிட்டார்.
பின்வரிசையில்
கைக்குட்டையால் மூக்கை மூடியிருந்தவரை
யாரும் அறிமுகம் செய்யவில்லை.
போன வாரம் எதிர் மேடையிலும்
அதே கைக்குட்டை.
ஆற்றில் சாம்பல் கக்கும் குழாய் அவருடையது.

எட்டுத் தாளில் கறி போக
மிச்சத்துக்கு நூல் வாங்கி
பொத்தல் வலையைப் பின்னினான் எட்டியப்பன்.
முழங்கால் சாம்பலில் இறங்கி வீசினான்.
இழுத்தான்.

எண்ணுவதற்கு வேலையில்லை.