எத்தனை மாதம்

காரகாண்டாவில் ஆட்டு ரோமம் மலிவு.
மலிவு என்றால், குப்பையில் கிடக்கிறது.
கறிக்கு அறுத்த ஆட்டின் ரோமத்தை யாரும் சீந்துவதில்லை.
நான் அதை அள்ளி வந்து, அழுத்தி, பாய் போலத் தைத்து
ஊரின் வெந்நீர்க் குழாய்களுக்குப் போர்வை செய்கிறேன்.
வேலைக்கு ஐந்து பேர். பழைய பேருந்துப் பணிமனை ஒன்று.
பெயர் ரௌஷன். பதவி, நிறுவனர்.
அந்த அட்டையை அச்சடித்ததும் கடனில்தான்.

முதலில் சேர்ந்தது ஒரு பெரிய குழுவில்.
பதினோராயிரம் பேர்.
எல்லோரும் விழித்திருந்தார்கள், எல்லோரும் வென்றிருந்தார்கள்.
ஒருவன் விடிகாலையில் பனிநீரில் குளித்துவிட்டு
அதிலிருந்து ஏழு பாடம் எழுதினான்.
இங்கே குழாய் வெடித்தால் தெருவே பனிநீரில் குளிக்கும்.
யாரும் பாடம் எழுதியதில்லை.

நான் கேட்டது ஒன்றுதான்:
வெள்ளிக்கிழமை சம்பளம்.
கையில் மூன்று பேருக்குத்தான் இருக்கிறது.
முதலில் யாரிடம் சொல்வது?

நாற்பத்தொரு கட்டைவிரல்கள் எழுந்து நின்றன.
தொண்ணூற்றொன்பது டாலரில் வகுப்பு இருக்கிறது என்றார் ஒருவர்,
என்னைப் போன்றவர்களுக்கென்றே.

இரவில் ஒரு தனிச்செய்தி.
சிலி நாட்டுத் தெமூக்கோவிலிருந்து எலிசேயோ,
தேனீப் பெட்டி செய்கிறவன்.
'யாரிடமும் முதலில் சொல்லாதே.
ஐந்து பேரையும் உட்காரவைத்து ஒன்றாகச் சொல்.
உன் சம்பளம் எவ்வளவு என்று கேட்பார்கள்.
ஒன்றுமில்லை என்று சொல்ல வெட்கப்படாதே.
நான் வெட்கப்பட்டேன்.
இரண்டு பேர் போய்விட்டார்கள்.'

அவனுக்குத் தெரிந்த இருவரைச் சேர்த்து
நால்வரானோம்.

வெள்ளி விடிகாலை, எனக்கு ஆறு மணி.
எலிசேயோவுக்கு வியாழனே முடிந்திருக்காது,
மகளைத் தூங்கவைத்துவிட்டு வருவான்.
கிசுமுவில் அபோந்திக்கு நாலு.
படகுகள் மீனோடு திரும்புமுன்
ஐஸ் பெட்டிகளை எண்ணிக்கொண்டே பேசுவாள்.
தார்த்துவில் ஹெல்டூருக்கு மூன்று.
அவனுக்கு எப்படியும் தூக்கம் கிடையாது.

நலமா என்று கேட்டுக்கொள்வதில்லை.
'எத்தனை மாதம்?'
கையிருப்பு இன்னும் எத்தனை மாதம் தாங்கும், அவ்வளவுதான்.
'நான்கு.'
'இரண்டரை.'
'மூன்று, வாடகை ஏறாவிட்டால்.'
கர்ப்பிணிகள் பேசிக்கொள்கிறார்கள் என்று நினைத்தாளாம்
கதவுக்கு அப்பால் என் தங்கை,
ஹெல்டூரின் கட்டைக்குரல் கேட்கும்வரை.

ஒருநாள் அவன் முதலீட்டாளரின் கடிதத்தை உரக்கப் படித்தான்.
மூன்று பத்தி. தேன் ஒழுகியது.
'இதில் இல்லை என்ற சொல் எங்கே இருக்கிறது?' என்றாள் அபோந்தி.
தேடினோம்.
இரண்டாம் பத்தியில், 'தற்சமயம்' என்ற வேடத்தில் இருந்தது.

பிப்ரவரியில் அபோந்தி சொன்னாள்: 'பூஜ்யம்.'
தக்காளி விலை சொல்வது போல.
பெட்டிகளை விற்றாகிவிட்டது.
பையன்களுக்குக் கணக்குத் தீர்த்தாகிவிட்டது.
பெயர்ப்பலகை இப்போது கோழிக்கூண்டுக்குக் கூரை.
இருந்தும் அந்த நேரத்துக்கு ஏரிக்கரையில்தான் நின்றிருந்தாள்.
அவளுக்குப் பின்னால் ஒரு படகின் விளக்கு
திரையைக் கடக்க நேரம் எடுத்துக்கொண்டது.
நாங்கள் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

எனக்கோ முந்தின நாள்தான்
வெப்ப நிலையத்தில் கையெழுத்தாகியிருந்தது.
ஒன்பது கிலோமீட்டர் குழாய், முன்பணத்தோடு.
ராத்திரி முழுக்கக் கூட்டிக் கூட்டிப் பார்த்தேன்,
பதினான்கு.
பதினான்கு மாதம்!
கன்னத்தில் ஒதுக்கிய கற்கண்டு போல வைத்திருந்தேன்.

'ரௌஷன்?'

'ஐந்து' என்றேன்.

எலிசேயோ இருமினான்.
என் கணக்கைச் சரிபார்த்துத் தந்ததே அவன்தான்.
வேறொன்றும் சொல்லவில்லை.

அபோந்திதான் கேட்டாள்:
'ஐந்தா? போன வாரம் ஒன்றரை என்றாயே.
எங்கிருந்து வந்தது?
விடாமல் முழுசாகச் சொல்லு.
இன்றைக்கு ஐஸ் கிடையாது,
எனக்கு நேரம் இருக்கிறது.'