முதுகுக்கு ஒரு மலை

டூயிஸ்பர்கில் மலை கிடையாது.
ரைன் தட்டையாகப் போகிறது.
கரையில் கொள்கலன்கள், பளுதூக்கிகள்,
நிமிர்ந்து பார்க்க வேறொன்றும் இல்லை.

"கட்டடத்தின் முதுகில் ஒரு மலை வேண்டும்"
என்றார் திருமதி லியாவ்.
கையில் சிவப்பு மரத்தட்டு, வட்டத்துக்குள் வட்டமாக எழுத்து,
நடுவே வெள்ளரிவிதை அளவில் ஓர் ஊசி.

நான் பாரம் கணக்கிடுகிறவள்.
தூண், உத்திரம், கூரைமேல் பனி.
என் மென்பொருளில் மலைக்குப் பொத்தான் இல்லை.

கட்டப்போவது சிறுநீரக நிலையம்.
பதினெட்டு நாற்காலி, வாரம் மூன்று முறை,
ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம்
ரத்தம் வெளியே போய்விட்டு வரும்.

ஊசி நிற்கவில்லை.
"கம்பி" என்றேன்.
காலையில்தான் பதினாறு மில்லிமீட்டர் கட்டுகள் இறக்கியிருந்தார்கள்.
இருபது எட்டு விலகி நின்றார்,
இன்னும் இருபது,
வேலி தாண்டிச் சாலையே வந்துவிட்டது.
அப்போதும் நடுங்கியது.
இந்த ஊரில் எங்கே நின்றாலும்
காலடியில் இரும்பு.

தீயணைப்பு அதிகாரி ஹெர் க்ரோட்டன் வந்தார்.
"ஆபத்தில் ஆள் நேராக ஓட வேண்டும்."
லியாவ் சொன்னார்: "நேராக ஓடுவது அம்பு.
கதவுக்கு எதிரே கதவு வைத்தால்
வந்த உயிர்மூச்சு நின்று பேசாமல் போய்விடும்."
இடையில் ஒரு செடித்தொட்டி வைக்கலாமா என்றேன்.
தொட்டிச்செடி தீச்சுமை,
பத்தி ஐந்து, உட்பிரிவு இரண்டு.
கடைசியில் பின்கதவை நாற்பது சென்டிமீட்டர் நகர்த்தினேன்.
இருவரும் வென்றதாக நினைத்துக்கொண்டார்கள்.
நகர்த்திய உத்திரத்துக்குப் பதில் சொன்னது நான்.

நான்காம் நாற்காலி கூடாது,
அந்த எண் அவர்கள் காதில் சாவு.
எட்டு வேண்டும், எட்டு செல்வம்.
நான் வாயைத் திறக்கவில்லை.
என் பாஸ்போர்ட்டில் ஓர் எழுத்து அதிகம்,
கூட்டுத்தொகை எட்டு வந்துவிடக் கூடாதென்று,
எட்டு சனியாம்.
ஒவ்வோர் அலுவலகத்திலும் அது பிழையா என்று கேட்கிறார்கள்.
வரைபடத்தில் மூன்றுக்குப் பின் மூன்று-அ என்று எழுதினேன்.

இதையெல்லாம் நான் நம்புவதில்லை.
ஆனால் ஒரு வெள்ளிக்கிழமை, எல்லாரும் போன பிறகு,
வடக்கே இருந்த பதினெட்டுத் தலைகளையும்
கிழக்கே திருப்பிவைத்தேன்.
காரணம் என்ற கட்டத்தில்
'வெளிச்சம்' என்று போட்டேன்.

மலையை லியாவே கண்டுபிடித்தார்.
வடக்கே, தண்டவாளத்துக்கு அப்பால்,
பழைய உலைகள் கக்கிய கசடு,
அறுபது மீட்டர் உயரம், மேலே பிர்ச் மரங்கள்.
"அது மலையில்லை, குப்பை" என்றேன்.
"மரம் நம்பி ஏறியிருக்கிறதே" என்றார்.
தட்டைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தார்.

திறந்த வாரம், மூன்று-அவில் ஹெர் ஷிமானெக்.
எழுபத்தோரு வயது, கையில் தீத்தழும்பு.
சன்னலுக்கு முதுகு காட்டி உட்காரவைத்திருந்தார்கள்.
"திருப்புங்கள்" என்றார்.
"முப்பத்தெட்டு வருடம் உலையைப் பார்த்து நின்றேன்.
அது எனக்குப் பின்னால் வளர்ந்தது.
என்ன உயரமென்று ஒருநாளும் பார்த்ததில்லை."

மறுப்பார் என்று நினைத்து லியாவை அழைத்தேன்.
ஃபோனில் சிறிது மௌனம்.
பிறந்த வருடம் கேட்பார், விரல்விட்டு எண்ணுவார்.
கேட்டது இதுதான்:
"குழாய் நீளம் போதுமா?"

அளந்தேன். பதினொரு சென்டிமீட்டர் மிச்சம்.
செவிலி மரைக்கே பூட்டை விடுவித்தாள்,
நாற்காலி கிறீச்சிட்டு வடக்கே திரும்பியது.
ஷிமானெக் பிர்ச் மரங்களை எண்ணத் தொடங்கி
பாதியில் தூங்கிப்போனார்.
ரத்தம் மட்டும் வளைந்து, சுழன்று,
சக்கரத்தில் ஒரு சுற்று ஏறி
அவரிடமே திரும்பிக்கொண்டிருந்தது.
எங்கும் நேர்க்கோடு இல்லை.