பதினொரு மீற்றர்

இன்சாப் பொனற்றைத் தூக்கிக் காட்டினார்.
"டர்போ, மெடம். நூத்திப் பதினெட்டுக் குதிர.
மிதிச்சாப் பறக்கும்."
கொஹுவளை வெயிலில் நின்றபடி
நான் பறக்க வேண்டிய இடங்களை
மனத்துக்குள் எண்ணிப் பார்த்தேன்.

காலை ஏழே கால். வெள்ளவத்தைச் சந்தி.
நாளொன்றுக்கு ஆறு நோயாளிகள்;
முழங்கால் மாற்றியவர்கள், தோள் உறைந்தவர்கள்.
பின் சீற்றில் மடித்த நடைச்சட்டம்,
இரண்டு கிலோ, மூன்று கிலோ மணற்பைகள்.
பொரளைக்குப் போக ஐம்பது நிமிடம்.
ஒருநாள் கணக்குப் பார்த்தேன்,
மணிக்கு ஒன்பது கிலோமீற்றர்.
இஸ்ஸோ வடைக்காரரின் சைக்கிள்
என்னை மூன்று தரம் முந்தியது.
மூன்றாம் தரம் அவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்,
தெரிந்தவர்போல.

நூற்றுப் பதினெட்டுக் குதிரைகள்
பம்பலப்பிட்டிச் சிவப்பு விளக்கில்
நின்றபடியே தின்னும்.
கொள்ளும் இல்லை, புல்லும் இல்லை,
தொண்ணூற்றிரண்டு ஒக்ரேன்.

ஸ்காபரோவிலிருந்து வந்து நின்ற மச்சான் நகுலேஸ்
"ரெண்டு லீற்றர் எஞ்சின் இல்லாட்டி
அது காரே இல்லை" என்றான்.
அவனுக்கு அங்கே எட்டுத் தடப் பெருந்தெரு.
எனக்கு முன்னால் ஒரு முச்சக்கர வண்டி,
அதன் முதுகில் சிங்களத்தில் ஒரு தத்துவம்.
அதை வாசித்து முடித்து
எழுத்துப் பிழையும் கண்டுபிடித்த பிறகுதான்
விளக்குப் பச்சையாகும்.

பெற்றோல் இல்லாத அந்த வருடம்
வரிசை கடற்கரை வரை வளைந்து கிடந்தது.
ஒருவரும் எஞ்சினை எழுப்பவில்லை.
கதவைத் திறந்து, ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து,
தோளைக் கொடுத்துத் தள்ளினோம்.
என் பழைய அறுநூற்று அறுபது சீசீ
ஒரு தோளுக்கு நகர்ந்தது.
பின்னால் கறுப்பு ஜீப், மூவாயிரம் சீசீ, தோல் இருக்கை.
அதன் சொந்தக்காரர் டை கட்டியிருந்தார்.
தள்ள மூன்று பேரைக் கூப்பிட்டார்.
முதலில் என்னை.

இதைச் சொல்வதால்
சின்னதே போதும் என்கிறவள் என்று நினைக்க வேண்டாம்.
எங்கள் தொடர்மாடியின் நிலவறையிலிருந்து
தெருவுக்கு ஒரு சரிவு ஏறுகிறது.
பதினொரு மீற்றர்.
கட்டியவர் நிலத்தை மிச்சம்பிடிக்க
ஏறக்குறையச் சுவராகவே நிறுத்திவிட்டார்.
தம்பி குடும்பம் நாலு பேரும் ஏறிய அன்று
அறுநூற்று அறுபது பாதியில் நின்றது.
ஏசியை நிறுத்தினேன். கண்ணாடியை இறக்கினேன்.
தம்பி இறங்கினான்.
தன் எடையைப் பற்றி யாரும் வாய் திறக்கும் முன்
துஷ்யந்தியும் இறங்கினாள்.
காவலாளி பண்டார செங்கல்லோடு ஓடிவந்தார்.
கடுகண்ணாவை எனக்கு வருடத்துக்கு ஒரு தரம்.
இந்த மலை நாளுக்கு மூன்று தரம்.

ஒன்றை மட்டும் இன்சாபிடம் சொல்லவில்லை.
சோதனை ஓட்டம் என்று கொட்டாவை வரை போய்
நெடுஞ்சாலையில் ஏறியபோது
ஒரு முறை, ஒரே ஒரு முறை,
முழுதாக மிதித்தேன்.
யாரோ என் முதுகில் உள்ளங்கையை வைத்துத் தள்ளினார்கள்.
நாள் முழுக்க மற்றவர்கள் முதுகில்
கை வைக்கிறவள் நான்.
கஹதுடுவ வரும்வரை பாதத்தை எடுக்கவில்லை.

பிறகு ஆயிரம் சீசீயை வாங்கினேன்.
வெள்ளை. மூன்று சிலிண்டர்.
நிற்கும்போது கொஞ்சம் நடுங்கும்,
சத்திரசிகிச்சை முடிந்து
முதன்முதல் எழுந்து நிற்பவரின் முழங்கால் போல.
நேற்றும் இன்சாப் அழைத்தார்.
டர்போ இன்னும் விற்கவில்லையாம்.
விலையைக் கேட்டேன். எதற்கென்று தெரியாது.

காலை ஆறேமுக்கால். சரிவின் அடி.
இந்தக் காருக்கு இது ஒரு ஏற்றமே இல்லை என்று தெரியும்.
இருந்தும் கை தானாகப் போய்
ஏசியை நிறுத்துகிறது.
மூச்சைப் பிடித்துக்கொண்டு
சற்றே முன்னால் சாய்கிறேன்.