கோழித்தூக்கம்

சொகார் யார்டில்
டீசல் பம்புக்குப் பின்னால் என் தகரக் கொட்டகை.
என் வேலை
டிரைவர்கள் தூங்கியதாக எழுதுவது.

நாலரை மணி நேரம் ஓட்டினால் முக்கால் மணி ஓய்வு,
ஒன்பது மணிக்கு மேல் அன்றைக்கு ஸ்டியரிங் தொடக்கூடாது.
கம்பெனி விதி சுவரில் இருக்கிறது
அரபியில், ஆங்கிலத்தில், உருதுவில்.
தமிழில் நான் வாயால் சொன்னேன்.
சாத்தூர் தவசிமுத்து சிரித்தான்:
"சம்பளம் ட்ரிப்புக்குத்தானே அண்ணாச்சி,
தூங்குறதுக்கு எவன் தாறான்?
நல்லா ஆறு மணி நேரம் போடுங்க.
உங்க காசா போகுது?"

தாளில் இருபத்திநாலு கட்டம்.
ஆதமில் நீலப் பேனாவால் படுக்க வைப்பேன்,
ஹைமாவில் கறுப்புப் பேனாவால்.
ஒரே கையெழுத்தாகத் தெரியக்கூடாதென்று
பன்னூ குல் நவாஸுக்கு மட்டும்
இடது கையால்.
கரக் சாயா டம்ளரின் ஈர அடியை
ஓரத்தில் ஒற்றி எடுப்பேன்,
வழியில் எங்கோ நிறுத்திக் குடித்தாற்போல.

மானேஜர் இதைச் செய்யச் சொன்னதே இல்லை.
வெள்ளிக்கிழமை காலை லோடு சலாலாவில் நிற்கணும் என்பார்,
அவ்வளவுதான்.
மீதிக் கணக்கு தானாக வந்துவிடும்.

அந்தப் புதன்கிழமை
இருபத்திரண்டு டன் உறைந்த கோழி.
"ஹைமா போனதும் நானும் ஒரு
கோழித்தூக்கம் போட்டுக்கிறேன்" என்று
தாளை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.

ஆதம் தாண்டினால் சாலையில் வளைவே கிடையாது.
வளைவு இருந்தால் மனுசன் விழித்திருப்பான்.
தவசிமுத்துவிடம் சொந்தமாக ஒரு விதி இருந்தது:
பச்சை மிளகாயைக் கடிப்பான்,
மூன்றாவது மிளகாய் உறைக்கவில்லை என்றால்
ஓரங்கட்டிவிடுவான்.
நான்கு வருடம் அது தவறியதில்லை.
அன்றைக்கு மிளகாய் தீர்ந்திருந்தது.

இரண்டு இருபதுக்கு,
ஹைமாவுக்கு நாற்பது கிலோமீட்டர் முன்னால்,
லாரி தார்ச்சாலையை விட்டு
ஹார்ன்கூட அடிக்காமல் மணலில் இறங்கி
ஒட்டகம் வரைந்த எச்சரிக்கைப் பலகையைச் சாய்த்து
நின்றது.
எதிரே யாரும் வரவில்லை.
வந்திருக்கலாம்.

நாலு மணிக்குப் போலீஸ் போன்.
நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.
சட்டைப்பைத் தாளைப் பிரித்து
மலையாளி ஒருவனை வைத்துப் படிக்கச் சொன்னார்கள்:
இரண்டு மணி முதல் இரண்டே முக்கால் வரை?
"உறக்கம்."
நீ எழுதியதா?
"ஆமாம்."

அந்த மாதம் முழுக்க நான் எழுதியதில்
அந்த ஒரு கட்டம்தான் உண்மை.
உறங்கித்தான் இருந்தான்.
இடம்தான் தப்பு.

மலையாளி மேலும் படித்தான்.
நாளை இரவு தும்ரைத்தில்
ஒன்பது முதல் மூன்று வரை
அவன் உறங்கியிருந்ததும் அதில் இருந்தது.
போனில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

காறை எலும்பு முறிவு, வேறொன்றுமில்லை.
ஊசி போட்டதில் பதினாறு மணி நேரம் அசையவில்லையாம்.
விழித்ததும் கேட்டது இரண்டு கேள்வி:
கோழி என்னாச்சு,
ட்ரிப் காசு வருமா.

கோழிக்கு ஒன்றும் ஆகவில்லை.
வண்டி சாய்ந்தும் குளிர்பெட்டி மோட்டார் நிற்கவில்லை,
மைனஸ் பதினெட்டில்
விதிப்படி கிடந்தன.
மாற்று வண்டி போகவேண்டும் என்றார் மானேஜர்.

விடிவதற்குள்
குல் நவாஸ் ஜன்னலில் வந்து நின்றான்.
துபாயிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தான்.
கண் இரண்டும் செங்கல்.
உள்ளங்கையைக் கன்னத்தில் வைத்து
தலையைச் சாய்த்துக் காட்டினேன்:
தூங்கினாயா?

சிரித்தான்.
மேசைமேல் புதுத் தாளைத் தானே நகர்த்தி வைத்துவிட்டு
என் இடது கையைக்
காட்டினான்.