நாலரை மணி அழைப்பு

பதினேழாம் தீர்மானத்தைத் தட்டச்சு செய்தவள்
நான்தான்.
டெல்வின், ஆஸ்டர்பி, கோர்மன்
மூன்று பள்ளி மாவட்டங்களுக்கும்
ஜூலை முதல் ஒரே நிர்வாகம், ஒரே அலுவலகம்.
"எழுத்தர் பணியிடம்: இரண்டு நீக்கம்"
என்ற வரியில் மட்டும்
பிழை இருக்கிறதா என்று மூன்று முறை பார்த்தேன்.
இல்லை.

பிஸ்மார்க்கிலிருந்து ஆலோசகர் வந்திருந்தார்.
சேறு படாத பூட்ஸ்.
உடற்பயிற்சிக் கூடத்துச் சுவரில்
ஒரு வட்டத்தைக் கேக்போல வெட்டிக் காட்டினார்:
கண்காணிப்பாளர் மூன்று, கணக்கர் மூன்று,
சம்பள மென்பொருள் மூன்று,
பிள்ளைகள் நானூற்றுப் பன்னிரண்டு.
தலைக்கு இத்தனை டாலர் என்றார்.
பின்வரிசையில் வெர்ன் ஹாஃப்ஸ்டாட்
தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டார்.
அவருக்கு ஐந்து பிள்ளைகள்.
பெருக்கிப் பார்த்திருப்பார்.

உழுகிறவன் கணக்குப் பார்த்தால்
உழக்கும் மிஞ்சாது என்பார்கள்.
உழுகிறவர்கள் நடுவே
கணக்குப் பார்த்தே சம்பளம் வாங்கியவள் நான்.
அந்த வட்டத்துக்குள் இருந்ததெல்லாம்
நான் எடுத்துக் கொடுத்த எண்கள்.
ஒரே லாரியில் வந்த ஒரே காகிதத்துக்கு
மூன்று ஊரும் மூன்று விலை கொடுத்தது
எனக்குத் தெரியும்.
இரண்டு வருடமாக எங்களுக்கு
வேதியியல் என்பது ஒரு காணொளி.
பேச்சுப் பயிற்சியாளர்
ஒன்றுவிட்ட வியாழனில் வருவார்,
சாலை திறந்திருந்தால்.
லின்ட்விக் வீட்டுச் சிறுவனின் 'ர'
வியாழனுக்காகக் காத்துக் கிடந்தது.

வாக்குச்சீட்டில் ஆம் என்று குறித்தேன்.
யாரிடமும் சொல்லவில்லை.
என் வேலைக்காக இல்லை என்று குறித்துவிட்டு வந்து
சூப் கிண்டிக்கொண்டிருந்த கார்டியிடமும்.

லாய்ல் ப்ரெக்கே எங்கள் கடைசிக் கண்காணிப்பாளர்.
பனி பெய்யும் நாளில்
நாலு மணிக்கு வண்டியை எடுத்துக்கொண்டு
செதர் முனைவரை போவார்.
காற்று அங்கேதான் பனியைக் கொண்டுவந்து கொட்டும்.
நாலரைக்கு எனக்குத் தொலைபேசி.
"மூடு, மார்லிஸ்."
அல்லது, "ரெண்டு மணி நேரம் தள்ளிப் போடு."
ஏழு ஓட்டுநர்களை நான் எழுப்புவேன்.
இருபத்தாறு வருடம்.
வரவுசெலவில் அதற்கு ஒரு தலைப்பு கிடையாது.
தலைப்பு இல்லாததை எந்த ஆலோசகர் வெட்டுவார்?
வெட்டவில்லை.
விட்டுப்போயிற்று, அவ்வளவுதான்.

நவம்பரில் முதல் பெரும்பனி.
கைப்பேசியில் வந்தது:
அனைத்துப் பள்ளிகளும் வழக்கம்போல் இயங்கும்.
அறுபது மைல் தள்ளியிருக்கும் கோர்மனில்
நட்சத்திரம் தெரிந்திருக்கும்.
எனக்கோ எதிர்க்களத்து விளக்கே தெரியவில்லை.
வேலை போன பிறகும்
நாலரைக்கு விழித்துக்கொள்ளும் உடம்பு.

அடித்தது.
"மார்லிஸ், செதர் முனை அடைச்சுக்கிச்சு."
"என்கிட்ட ஏன் சொல்றீங்க, லாய்ல்?"
கொஞ்ச நேரம் காற்றுச் சத்தம் மட்டும்.
"வேற யார்கிட்ட சொல்ல?"

புது அலுவலகத்து எண்ணைச் சுற்றினேன்.
ஆறரைக்குத்தான் ஒரு பெண் எடுத்தாள்.
பொறுமையான குரல்.
"நீங்க எந்தப் பிரிவு, மேடம்?"
பிரிவு இல்லை, ஜன்னலிலிருந்து பேசுகிறேன் என்றேன்.
சிரிக்காமல்
செதருக்கு எழுத்துக் கேட்டுக் குறித்துக்கொண்டாள்.

ஆறு ஐம்பதுக்கு வந்தது,
இரண்டு மணி நேரத் தாமதம் என்று.
பேருந்துகள் கிளம்பி இருபது நிமிடம் ஆகியிருந்தது.
நாலாம் எண் ஓட்டுநர் ரோண்டா
பாதியில் திரும்பிவிட்டாளாம்,
யாரையும் கேட்காமல்.

செதர் முனையில் சிக்கியது ஒரு சின்ன நீலக் கார்.
உள்ளே
மூன்று பள்ளிக்கும் பொதுவாக வந்த
வேதியியல் ஆசிரியை, மிஸ் குவாமே.
மடியில் ஒரு பெட்டி நிறைய
உடையாத சோதனைக் குழாய்கள்.
லாய்ல் சங்கிலி கட்டி இழுத்தாராம்.
பத்து மணி வகுப்புக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள்.
பிள்ளைகள் முதன்முதலாக
நிறம் மாறுவதைக் கண்ணால் பார்த்தார்கள்.

மாலையில் கார்டி இதைச் சொல்லிவிட்டு
"பாத்தியா, இதுக்குத்தான் வேண்டாம்னேன்" என்றான்.
நான் சங்கிலியை
எந்தக் கணக்கில் எழுதுவது,
குழாய்களை எதில் எழுதுவது என்று
யோசித்துக்கொண்டிருந்தேன்.
பழக்கதோஷம்.
அவன் தட்டில் இன்னொரு கரண்டி போட்டேன்.