அடி மினுங்கினால்

டொங்காட்டில், மீன் கடைக்கும்
பூட்டிப்போன வங்கிக்கும் நடுவே
உதிரிபாகக் கடை.
விளிம்பு உடைந்த புல்லியை
ரொட்டி வந்த பையில் சுற்றிக் கொண்டுபோனேன்.
"இதே மாதிரி ஒன்று."
சேலையை நீட்டி
ரவிக்கைத் துணி கேட்கிற தோரணை.

நொம்புமெலெலோ விலை சொல்லவில்லை.
காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தாள்,
மேசைக்கடியிலிருந்து வெர்னியரை எடுத்தாள்.

துளை ஒரு அங்குலம்.
சாவிப்பள்ளம் கால் அங்குலம்,
ஒரு பக்கம் தின்றிருக்கிறது,
"என்ஜின் தண்டையும் பாருங்க, அதுவும் தின்றிருக்கும்."
வெளிவட்டம் குறித்தாள்.
பிறகு ஆள்காட்டி விரலை
வரிப்பள்ளத்தின் அடியில் வைத்து
ஒரு சுற்றுச் சுற்றினாள்.

அடி மினுங்கியது.
புளி போட்டுத் தேய்த்த செம்பு தோற்கும்.
எனக்குப் பெருமைதான்:
"பாருங்க, எவ்வளவு சுத்தமா ஓடியிருக்கு."

அவள் ஆணியில் தொங்கிய பெல்ட்டை எடுத்து
அதில் உட்கார வைத்தாள். விழுந்து உட்கார்ந்தது.
"பெல்ட் தரையைத் தொடக் கூடாது அம்மா.
இரண்டு சுவரையும் கவ்விக்கொண்டு
அந்தரத்தில் ஓடணும்.
தரை தொட்டால் வழுக்கும்.
வழுக்கினால்தான் அடி மினுங்கும்.
உங்க பெல்ட் ஒல்லி. இது அகலப் பள்ளம்.
யார் மாட்டியது?"

யாரோ.
ஸ்டாங்கர் ஏலத்தில் எடுத்த இயந்திரம்,
எனக்கு முன்னால் எத்தனை கையோ.
மூன்று வருஷம்.
பள்ளி மைதானம், கிளினிக் வாசல்,
சுடுகாட்டுச் சரிவு.
வெட்டிய மூன்றாம் நாள்
புல் நுனியெல்லாம் பழுப்பு,
யாரோ பல்லால் கடித்துப் பிய்த்தது போல.
கடல் உப்பு என்றேன்.
கிக்குயுப் புல்லின் குணமே அது என்றேன்.
கடைசியில், பெகானி என்றேன்.

"கத்தி தீட்டாமல் தீட்டினேன் என்கிறாய்."
அவன் கட்டைவிரலைக் காட்டினான்.
குறுக்கே புதுச் சிவப்புக் கோடு.
"மழுங்கின கத்தி இதைச் செய்யுமா?"
நான் நம்பவில்லை.
இரண்டு சனிக்கிழமைக் கூலியைப் பிடித்தேன்.
மூன்றாம் சனிக்கிழமை அவன் வரவில்லை.

மேசையில் நான்கு புல்லிகள் இருந்தன.
கம்பெனிச் சரக்கு, ஆயிரத்து நூற்றெண்பது ராண்ட்.
அதே அளவில் நகல், நானூற்று அறுபது.
வெளிவட்டம் பெரியது ஒன்று. கண் அதில் போனது;
"கத்தி பறக்கும், கல்லும் பறக்கும்,
பள்ளிக்கூட ஜன்னல் உங்க கணக்கு" என்றாள்.
நான்காவது, அகலப் பள்ளம்.
"நீங்க கேட்ட இதே மாதிரி."
சிரிக்காமல் சொன்னாள்.

நகலை எடுத்தேன். சாவி புதிது, பெல்ட் புதிது.
தண்டைக் கம்பித்தூரிகையால் தேய்த்து
நானே மாட்டினேன். தண்டு அதிகம் தின்றிருக்கவில்லை.
பெல்ட் பள்ளத்தின் விளிம்போடு விளிம்பாக நின்றது,
அடிக்கும் அதற்கும் நடுவே
ஒரு கோடு இருட்டு.
அந்த இருட்டைத்தான் காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன்.

மூன்றாம் நாள் பள்ளி மைதானத்தில்
முழங்காலிட்டேன்.
கோல்கீப்பர் பையன் என்ன தொலைந்தது என்று கேட்டான்.
நுனிகள் நேராக இருந்தன.
பச்சையாக இருந்தன.
கத்தி அவன் தீட்டிய அதே கத்தி,
அவன் போனபின் நான் தொடவே இல்லை.

இரண்டு சனிக்கிழமை,
நானூற்று நாற்பது ராண்ட்.
உறையில் போட்டுவிட்டேன்.
பெயர் எழுதினேன்.
அதற்குக் கீழே ஹம்பனாட்டி என்று எழுதி
பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறேன்.
எந்தத் தெரு என்று
மூன்று வருஷத்தில் ஒரு நாளும்
கேட்டதில்லை.